அ கப்பெல்லா: ஒரு மேலங்கியிலிருந்து வந்த சொல்

சில வாரங்களுக்கு முன்னால் எங்கள் பாடகர் குழுவின் ஒத்திகையில் ஒரு சின்ன விவாதம் வந்தது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பலெஸ்த்ரீனாவின் ஒரு மோட்டெட்டை, அதாவது பல குரல்கள் சேர்ந்து பாடும் ஒரு தேவாலயப் பாட்டை, பழகிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு டெனர் என்கிற உயர்ந்த ஆண்குரல் பக்கம் இரண்டே பேர்தான், அந்த வரி திரும்பத் திரும்பத் தடுமாறியது, அதனால் ஆர்கன் வாசிப்பவர் டெனர் வரியை மட்டும் மெல்லத் தொட்டுக்கொண்டே கூட வந்தார். பாடி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "இது அ கப்பெல்லா பாட்டு. ஆர்கன் சேர்த்தால் அது அ கப்பெல்லாவே இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாட்டின் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆர்கன் நின்றது, நாங்கள் மறுபடி தடுமாறினோம்.

எனக்கு அந்த வார்த்தை வீட்டுக்கு வந்த பிறகும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. பல வருஷமாகப் பாடுகிறேன், அந்தச் சொல்லை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஆனால் அது எங்கிருந்து வந்தது, யார் எதற்காகச் சொன்னார்கள் என்று ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க அது விரிந்துகொண்டே போனது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

இன்றைக்கு எந்த அகராதியைத் திறந்தாலும் அ கப்பெல்லா என்றால் வாத்தியத் துணை இல்லாமல் பாடுவது என்று இருக்கும். தப்பில்லை, இன்றைய புழக்கம் அதுதான். ஆனால் அந்த இத்தாலியச் சொற்றொடருக்குள் 'வாத்தியம்' என்ற சொல்லும் இல்லை, 'இல்லாமல்' என்ற சொல்லும் இல்லை. நேராகப் பொருள் சொன்னால் 'கப்பெல்லாவில் பாடுகிற மாதிரி' என்று வரும். அப்படியானால் கப்பெல்லா என்பது என்ன என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அது ஒரு துணியிலிருந்து தொடங்குகிறது. நாலாம் நூற்றாண்டில் ரோமானியப் படையில் இருந்த மார்ட்டின் என்ற வீரர், அமியேன் நகர வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரரைப் பார்த்துத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பிற்பாடு அவர் தூர் நகரின் ஆயர் ஆனார், புனிதர் ஆனார். அவர் வைத்துக்கொண்ட மீதிப் பாதி என்று நம்பப்பட்ட துணியை ஃபிராங்க் அரசர்கள் பெரிய பொக்கிஷமாகக் காத்தார்கள். போருக்குப் போகும்போது கூடவே எடுத்துப் போனார்கள், அதன் மேல் சத்தியம் வாங்கினார்கள். லத்தீனில் மேலங்கி 'கப்பா', சின்ன மேலங்கி 'கப்பெல்லா'. அந்தத் துணியை வைத்திருந்த இடத்துக்கும் கப்பெல்லா என்றே பேர் வந்தது. சாப்பல் என்று நாம் சொல்வது அதுதான். துணியைக் காத்த குருமார்கள் கப்பெல்லானி ஆனார்கள், சாப்ளின் என்ற சொல் அங்கிருந்து வருகிறது.

அப்புறம் சொல் இன்னும் ஒரு படி நகர்கிறது. அரசருக்கும் போப்புக்கும் சொந்தமான சிற்றாலயத்தில் வழிபாடு நடத்துகிற குருமார்களும் பாடகர்களும் ஒரு குழுவாக இருந்தார்கள் இல்லையா, அந்தக் குழுவுக்கே கப்பெல்லா என்ற பேர் ஒட்டிக்கொண்டது. கட்டடத்தின் பேர் ஆட்களின் பேர் ஆகிவிட்டது. அரசர் வேறு ஊருக்குப் போனால் கப்பெல்லாவும் கூடவே போகும், கட்டடம் போகாது, ஆட்கள்தான் போவார்கள். காலப்போக்கில் அந்த ஆட்களில் வாத்தியக்காரர்களும் சேர்ந்தார்கள். ஜெர்மனில் அது கப்பெல்லே ஆனது, அதன் தலைவர் கப்பெல்மைஸ்டர். எஸ்டர்ஹாசி குடும்பத்தில் ஹைடன் வகித்த பதவி அதுதான். இன்றைக்கும் டிரெஸ்டனில் இருக்கும் புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ராவின் பேர் ஸ்டாட்ஸ்கப்பெல்லே. 1548-ல் சாக்சனி அரசவையில் தொடங்கியபோது அது பாடகர்களைக் கொண்ட குழு, இன்றைக்கு அது முழுக்க முழுக்க வாத்தியக்காரர்கள். ஒரே சொல் ஒரு பக்கம் வாத்தியமே கூடாது என்பதற்கும் இன்னொரு பக்கம் வாத்தியக் குழுவுக்கும் பேராக நிற்கிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு நிஜமாகவே திகைப்பாக இருந்தது.

அப்படியென்றால் வாத்தியம் இல்லாமல் என்ற அர்த்தம் எங்கிருந்து வந்து ஏறியது? அதற்கு வாடிகனில் உள்ள ஒரு குறிப்பிட்ட கப்பெல்லாவுக்குப் போக வேண்டும்.

சிஸ்டைன் சிற்றாலயம் என்றால் எல்லோருக்கும் மைக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியம்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போது அந்தக் கூரையை விட, பக்கச் சுவரில் பாடகர்கள் நிற்பதற்காக வைத்திருக்கும் சின்ன மாடம்தான் முக்கியமாகப் படுகிறது. போப்பின் சொந்தப் பாடகர்கள் அங்கே நெருக்கியடித்து நின்று, எல்லோருமாக ஒரே பெரிய கையெழுத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். நூற்றாண்டுக்கணக்கில் அங்கே நின்றவர்கள் சுவரில் தங்கள் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள். 1490-கள் வாக்கில் அங்கே பாடிய ஜோஸ்கானின் பேரும் அதில் இருக்கிறது, அவரே கீறியது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அவ்வளவு பெரிய இசையமைப்பாளர் வழிபாட்டுக்கு நடுவே சுவரில் பேர் எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போது அவர் மேல் தனிப் பாசம் வருகிறது.

அந்தக் காலத்தில் அந்த ஆலயத்தில் ஆர்கன் வைக்கவில்லை. வேறு வாத்தியமும் கிடையாது. மனிதக் குரல் மட்டும்தான். இது போப்பின் கப்பெல்லாவின் வழக்கம். ஆனால் அது ஐரோப்பா முழுவதற்குமான விதி இல்லை, ரோம் நகரத்துக்கே பொதுவான விதிகூட இல்லை. அதே வாடிகனில் புனித பேதுரு பேராலயத்துக்கென்று தனிப் பாடகர் குழு இருந்தது, அங்கே ஆர்கன் இருந்தது. அந்தக் குழுவைத்தான் பலெஸ்த்ரீனா நீண்ட காலம் நடத்தினார். சிஸ்டைன் பாடகராக அவர் இருந்தது 1555-ல் சில மாதங்கள் மட்டும். திருமணமானவர் என்பதால் நான்காம் பவுல் போப் ஆனதும் அவரை வெளியே அனுப்பிவிட்டார். பிறகு 1565-ல் போப்பின் கப்பெல்லாவுக்கு இசை எழுதித் தரும் பொறுப்பு கிடைத்தது, ஆனால் பாடகராகத் திரும்பிப் போகவில்லை. அ கப்பெல்லா என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பேர் அவருடையது, அவருடைய அன்றாட வேலை நடந்ததோ பெரும்பாலும் ஆர்கன் ஒலித்த இடங்களில்.

மற்ற ஊர்களில் நிலைமை இன்னும் வேறு மாதிரி. ஸ்பெயினில் செவில்யா பேராலயம் 1526-லேயே ஷாம் (நம் நாகஸ்வரம் மாதிரியான ஊதுகருவி), சாக்பட் வாசிப்பவர்களை நிரந்தர வேலைக்கு எடுத்தது. சாக்பட் என்பது டிராம்போனின் பழைய வடிவம், குரலோடு அழகாகக் கலந்துவிடும். வெனிஸில் புனித மாற்கு பேராலயத்தில் கப்ரியேலி என்ற இசையமைப்பாளர் குடும்பத்தின் காலத்தில் மாடத்துக்கு மாடம் வாத்தியங்களும் குரல்களும் எதிரொலித்தன. மியூனிக்கில் லாசுஸ் என்ற இசையமைப்பாளர் நடத்திய அரசவைக் கப்பெல்லாவை ஹான்ஸ் மீலிஹ் என்ற ஓவியர் வரைந்து வைத்திருக்கிறார். அந்த ஓவியத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் லாசுஸ் ஒரு கீபோர்டு வாத்தியத்தின் முன்னால் இருக்கிறார், சுற்றிலும் பாடகர்கள், சிறுவர்கள், நரம்பு வாத்தியம், ஊதும் வாத்தியம் என்று கூட்டம். கப்பெல்லா என்ற சொல்லை அன்றைக்கு அங்கே சொல்லியிருந்தால் இந்த முழுக் கூட்டத்தையும்தான் குறித்திருக்கும்.

பதினேழாம் நூற்றாண்டுக்கு வரும்போது சொல் இன்னும் வேடிக்கையான திருப்பம் எடுக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ் விவிலியத்தின் சங்கீதப் பாடல்களுக்கு இசையமைத்து 1619-ல் வெளியிட்ட தொகுப்பில் இரண்டு வகைக் குழுக்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று தேர்ந்த பாடகர்களின் சின்னக் குழு, அதற்கு அவர் சொல்லும் பேர் ஃபவோரித்தோ. இன்னொன்று கப்பெல்லா, அதாவது ஒலியைப் பெருக்கிக் கம்பீரம் சேர்ப்பதற்காகப் பின்னால் வந்து சேருகிற பெரிய குழு. அந்தப் பெரிய குழுவில் வாத்தியங்கள் தாராளமாக வரலாம். அதே வருஷம் வந்த பிரிட்டோரியுஸின் பெரிய இசைநூலிலும் கப்பெல்லா என்றால் கிட்டத்தட்ட இதே பொருள்தான். அதாவது அந்த இடத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் 'எல்லோரும் சேருங்கள்' என்று புரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு நாம் அதே சொல்லைப் பார்த்ததும் வாத்தியக்காரர்களை வெளியே அனுப்புகிறோம்.

இதே காலத்தில் இன்னொரு பொருளும் வளர்ந்தது, அதுதான் நம் கதைக்கு முக்கியம். இத்தாலிய இசையமைப்பாளர் மொந்தவெர்தி போன்றவர்கள் புது மாதிரி எழுத ஆரம்பித்ததும், இசை இரண்டு கிளையாகப் பிரிந்தது. பாட்டின் சொல்லுக்காக இலக்கணத்தை வளைக்கும் புதுப்பாணி ஒரு பக்கம். பலெஸ்த்ரீனா காலத்து நிதானமான பலகுரல் பின்னலைத் தொடரும் பழம்பாணி இன்னொரு பக்கம். தேவாலயத்துக்கென்று எழுதும்போது அந்தப் பழம்பாணிக்கு மரியாதை அதிகம். அதற்குத்தான் அ கப்பெல்லா பாணி என்ற பேர் நிலைத்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே அந்தச் சொல் குறிப்பது எழுதும் முறையை. நீண்ட ஸ்வரங்கள், ஒரு குரல் பாடியதை அடுத்த குரல் எடுத்துத் தொடர்வது, ஒன்றோடொன்று உரசும் சுரங்களைக் கவனமாகத் தயார்செய்து கவனமாகத் தீர்ப்பது, இதெல்லாம் சேர்ந்தால் அ கப்பெல்லா. வாத்தியம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. மொந்தவெர்தியே 1610-ல் இந்தப் பழம்பாணியில் ஒரு மிஸ்ஸா, அதாவது திருப்பலி வழிபாட்டுக்கான இசை, வெளியிட்டார், அதிலும் ஆர்கனுக்கான பாஸ் வரி அச்சில் இருக்கிறது.

1725-ல் வியன்னாவில் ஃபுக்ஸ் எழுதிய புகழ்பெற்ற எதிரிசை இலக்கண நூல் (எதிரிசை என்பது பல குரல்வரிகளை ஒன்றோடொன்று பின்னி எழுதும் கலை) இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. அ கப்பெல்லா பாணி இரண்டு வகை: குரல்கள் மட்டும் பாடுவது ஒன்று, ஆர்கனும் மற்ற வாத்தியங்களும் சேர்ந்து வருவது மற்றொன்று. இரண்டுமே அ கப்பெல்லாதான். இந்த இடத்தைப் படித்தபோதுதான் அந்த ஒத்திகை நினைவு வந்து, அடடா, அன்றைக்கு இது தெரிந்திருந்தால் என்று தோன்றியது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கதை இன்னும் அழகானது. 1742 வாக்கில் லைப்சிக்கில் அவர் பலெஸ்த்ரீனாவின் ஒரு மிஸ்ஸாவின் முதல் இரண்டு பகுதிகளை நிகழ்த்துவதற்குத் தாள்கள் தயார் செய்தார். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. அதில் கார்னெட்டோ, டிராம்போன், ஹார்ப்சிகார்ட், ஆர்கன் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. கார்னெட்டோ என்பது மரத்தில் செய்து தோல் சுற்றிய ஊதுகருவி, மனிதக் குரலுக்கு மிக நெருக்கமானது என்று அந்தக் காலத்தில் கொண்டாடினார்கள். இந்த வாத்தியங்கள் புதிதாக எதையும் வாசிப்பதில்லை, பாடகர் பாடும் அதே வரியைக் கூடவே வாசிக்கும், குரலுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்குகிற மாதிரி. பலெஸ்த்ரீனாவை உட்கார்ந்து படித்துப் பிரதி எடுத்த ஒரு மனிதருக்கு இது அவமரியாதையாகத் தோன்றவில்லை. எங்கள் ஆர்கன்காரர் டெனர் வரியைத் தொட்டதும் இதே வேலைதான்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். பழைய அச்சுப் பிரதிகளில் அ கப்பெல்லா என்ற சொல்லைக் காலப்பிரமாணக் குறிப்பாகவும் பார்க்கலாம், வெட்டுப்போட்ட 'சி' குறியீட்டோடு வரும், அல்லா பிரேவே என்ற வேகமான தாள எண்ணிக்கைக்குச் சமம். பழம்பாணி இசை அந்தக் குறியீட்டில்தான் எழுதப்பட்டது என்பதால் பாணியின் பேர் தாளத்துக்கும் போய்விட்டது. அதைத் தாண்டி இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இன்றைய பொருள் உறைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அன்றைக்கு ஓப்பரா இசை தேவாலயத்துக்குள் வந்து நிறைந்துவிட்டது என்று பலர் வருத்தப்பட்டார்கள், அந்த வருத்தத்தில் நியாயமும் இருந்தது. ஹைடல்பெர்க்கில் சட்டப் பேராசிரியராக இருந்த திபோ என்பவர் தன் வீட்டிலேயே ஆட்களைக் கூட்டிப் பழைய பலகுரல் இசையைப் பாடவைத்தார், அங்கே மாணவராக இருந்த, பின்னாளில் இசையமைப்பாளரான ஷூமன்கூட அந்தக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறார். இசையின் தூய்மை பற்றி திபோ 1820-களின் நடுவில் எழுதிய சின்ன நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. 1828-ல் பைனி என்ற சிஸ்டைன் பாடகர் பலெஸ்த்ரீனாவின் வாழ்க்கை வரலாற்றைப் பெரிய அளவில் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரென்ட் பொதுச்சங்கம் பலகுரல் இசையையே தடைசெய்ய இருந்தபோது பலெஸ்த்ரீனா ஒரே மிஸ்ஸாவால் அதைக் காப்பாற்றினார் என்ற பழைய கதை அந்த நூலால் இன்னும் பெரிதானது. அது வரலாறாக நிற்காது, ஆனால் கேட்க இனிமையான கதை, அதனால் ஊன்றிவிட்டது. இன்னொரு பக்கம் புனித வாரத்தில் ரோமுக்குப் போன பயணிகள் சிஸ்டைனில் வாத்தியமில்லாத பாட்டைக் கேட்டு உருகிப்போய் ஊர் திரும்பினார்கள், இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1831-ல் அங்கே கேட்டதை விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இந்த மூன்றும் சேர்ந்ததும் என்ன ஆகும்? சிஸ்டைனில் வாத்தியம் இல்லை, பலெஸ்த்ரீனா சிஸ்டைனோடு சேர்த்து நினைக்கப்படுகிறார், பலெஸ்த்ரீனாதான் பழைய இசையின் சிகரம், ஆகவே பழைய இசை எல்லாமே வாத்தியமில்லாமல்தான் பாடப்பட்டது. ஒரு ஆலயத்தின் வழக்கம் ஒரு காலத்தின் வழக்கமாகிவிட்டது. 1868-ல் ஃபிரான்ஸ் சாவர் விட் தொடங்கிய புனித சிசிலியாவின் பேர் கொண்ட சிசிலியன் சங்கம் ஜெர்மன் பேசும் பகுதிகளில் இந்த இசையைப் பரப்பியது. 1903-ல் போப் பத்தாம் பயஸ் தேவாலய இசை பற்றி வெளியிட்ட ஆணையும் கிரகோரியன் பாட்டையும் (எல்லோரும் ஒரே வரியில் பாடும் பழைய தேவாலயப் பாட்டு) பலெஸ்த்ரீனா வழிப் பலகுரல் இசையையும் முன்மாதிரியாக நிறுத்தியது. ஆர்கனை அது தடுக்கவில்லை, பியானோவைத்தான் தடுத்தது.

நான் இவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் தூசி தட்டி அச்சிட்டிருக்காவிட்டால் இன்று என் கையில் அந்த மோட்டெட்டே இருந்திருக்காது. பொருளைக் குறுக்கினார்கள் என்பது உண்மை, ஆனால் அன்பினால் குறுக்கினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சொல் அமெரிக்காவுக்குப் போய் ஒரு வகைக் குழுவின் பேராகவே ஆனது. 1906-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லட்கின் அந்தப் பேரிலேயே ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார், பிறகு பள்ளி, கல்லூரி எல்லாம் அது பரவியது. இன்றைக்கு டிஜேக்கள் அகப்பெல்லா என்று ஒரே சொல்லாகச் சொல்வது வேறொன்றை: ஒரு பாட்டின் ஒலிப்பதிவிலிருந்து வாத்தியங்களை நீக்கிய குரல் தடத்தை. அந்தக் குரல் பாடும்போது வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டேதான் பாடியிருக்கும். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் பாட்டை இதோடு கலக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அங்கே வாத்தியம் சேர்க்காதது அவர்களுடைய சொந்தப் பழைய மரபு, ரஷ்ய இசையமைப்பாளர் ராஹ்மானினோவின் 1915 இரவு வழிபாட்டு இசை எழுதப்பட்டது அந்த மரபுக்குள்தான். அதற்கு இந்த இத்தாலியச் சொல் வெளியிலிருந்து ஒட்டிய சீட்டு.

சரி, வாத்தியம் இல்லாமல் பாடுவதில் அப்படி என்ன இருக்கிறது என்றால், இருக்கிறது. பியானோவில் ஒரு மேஜர் மூன்றாம் இடைவெளி (ஸ-விலிருந்து அந்தர காந்தாரம் வரை உள்ள தூரம்) 400 சென்ட். சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. இயற்கையான, நடுக்கமே இல்லாமல் இழையும் மூன்றாம் இடைவெளி 386 சென்ட். பாடகர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பாடும்போது தானாகவே அந்த 386 பக்கம் போவார்கள், அப்போது கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கொத்து) பூட்டிக்கொள்கிற மாதிரி ஒரு உணர்வு வரும், அதை ஒருமுறை உள்ளே நின்று கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 1563 வாக்கில் பெனெதெத்தி என்ற கணித அறிஞர் இசையமைப்பாளர் சிப்ரியானோ டி ரோரேவுக்கு எழுதிய கடிதங்களில் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். சில வகை வரிகளில் ஒவ்வொரு இடைவெளியையும் சுத்தமாகப் பாடினால், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும்போது சுருதி ஒரு 'காமா' நகர்ந்திருக்கும். காமா என்பது சுமார் 21.5 சென்ட், 81-க்கு 80 என்ற விகிதம். அதே வரியை ஐந்து முறை பாடினால் ஏறத்தாழ அரைச் சுரம் போய்விடும். ஆகவே சுருதி இறங்கிவிட்டது என்று நடத்துனர் முகம் சுளிக்கும்போது, பாடகர் கவனக்குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று இல்லை, சில நேரம் ரொம்பச் சுத்தமாகப் பாடியதாலும் இருக்கலாம். கூட வாசிக்கும் ஆர்கன் இந்த நகர்வைப் பிடித்து நிறுத்தும். பதிலுக்கு அந்தப் பூட்டிக்கொள்ளும் கார்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் அடுத்த ஒத்திகையில் அந்தப் பின்வரிசை நண்பரிடம் சொன்னேன், பாக்கின் தாள்களைப் பற்றியும். அவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டு விதமாகவும் பாடிப் பார்க்கலாம் என்று நடத்துனரிடம் அவரே சொன்னார். ஆர்கன் எல்லா வரிகளையும் மெல்லத் தொட்டு வர ஒருமுறை பாடினோம். டெனர்கள் முதல்முறையாக வரியை முழுசாகக் கடந்தார்கள், கடைசிக் கார்டு சுருதியில் அசையாமல் நின்றது. அப்புறம் ஆர்கன் இல்லாமல் ஒருமுறை. டெனர்கள் ஒரு இடத்தில் தவறினார்கள். முடிவில் கார்டு நிஜமாகவே பூட்டிக்கொண்டது, கூடம் முழுக்க நின்றது, யாரும் மூச்சு விடவில்லை. ஆர்கன்காரர் மெதுவாக ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். கால் சுரம் இறங்கியிருந்தோம்.

நிகழ்ச்சிக்கு எப்படிப் பாடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. மூன்றாவது டெனர் ஒருவர் அடுத்த வாரம் வருகிறார்.